பிரெஞ்சு தெரியாத ஆள் தேவை

கோலா சிலாங்கூர் பஸ் நிலையத்துக்குப் பின்வரிசையில் போட்டோஸ்டாட் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கருமக்கிரியை அறிவிப்பு, அடையாளக் கார்டு நகல், எல்லாம் செய்வேன். சனி ஞாயிறுகளில் கல்யாண மண்டபங்களில் மைக் பிடிப்பேன். என் நகைச்சுவைக்கு சபாக் பெர்ணம் வரைக்கும் ரசிகர்கள் இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தேன். சாப்பாட்டுக்குக் காத்திருக்கிறவர்கள் எதற்கும் சிரிப்பார்கள் என்று என் மனைவி சரசு பிறகு விளக்கினாள்.

அந்த அம்மாள் முதல்முறை கடைக்கு வந்தபோது அறுபத்தைந்தைத் தாண்டியிருந்தார். வெளிர்நீலப் பருத்திச் சேலை, ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரம், தோளில் துணிப்பை. நாற்பது தாள்களை நீட்டினார். ஒவ்வொரு தடவை நான் மெஷின் மூடியைத் தூக்கும்போதும் குனிந்து உள்ளே பார்த்தார், ஏதோ நான் அதற்குள் ஆள் வைத்து எழுதுவதுபோல. முடிந்ததும் பூதக்கண்ணாடியை எடுத்து, மூலத்தையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்கத் தொடங்கினார்.

"மிஸ், இது மெஷின்லா. தப்பு பண்ணாது."

"அப்படித்தான் எல்லாரும் சொல்லுகினம்." பதினேழாவது தாளில் விரலை வைத்தார். "இதில கடைசி வரி எங்க?"

தாள் கோணலாகப் போய் ஒரு வரி விழுங்கப்பட்டிருந்தது. திருட்டுப் பூனைபோல் திரும்ப எடுத்துக் கொடுத்தேன். அவர் போன பிறகு பக்கத்து முடிதிருத்தும் கடை மணியம் கத்தரிக்கோலோடு ஓடி வந்தான்.

"டேய், அந்தத் தாள்ல என்னடா எழுத்து? தமிழும் இல்ல, மலாய்க்காரங்க ஜாவியும் இல்ல?"

கறுப்பு மையில், பனங்கீற்றை நெருக்கி அடுக்கினதுபோல் ஒரு எழுத்து. ஓரத்தில் குதிரைமேல் இரும்புச் சட்டை போட்ட ஒருவன். மணியம் ஒரு நிமிடம் யோசித்தான். பிறகு புக்கிட் மெலாவத்திக் குன்று இருக்கும் பக்கம் கத்தரிக்கோலை நீட்டினான்.

"டச்சுக்காரன் கோட்டையில புதைச்சுட்டுப் போனது. இது அந்த மேப்பு. பாத்துக்க, எனக்குப் பாதி."

இப்படித்தான் அவரைப் பற்றிய சந்தேகம் எங்கள் வரிசையில் குடியேறியது. அவர் எங்களைச் சந்தேகப்பட்டதற்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

கிள்ளானில் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பது வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். புக்கிட் ரோத்தான் போகிற வழியில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டின பழைய பலகை வீட்டில் தனியாக இருந்தார். அது ரப்பர்த் தோட்டமாக இருந்த காலத்தில் அவர் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அங்கே பெரிய கிராணியாக, தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர். என் தாத்தா அதே தோட்டத்தில் பால் வெட்டினவர். அவர் தாத்தா கூப்பிட்டால் என் தாத்தா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடியிருப்பார். அவர் கூப்பிட்டபோது நான் மெஷினை அணைத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் போனேன். இரண்டு தலைமுறையில் அவ்வளவு முன்னேற்றம்.

கூப்பிட்ட காரணம், சுங்கை ஆயர் தாவாரில் நான் மைக் பிடித்த ஒரு கல்யாணம். அவரும் வந்திருந்தாராம்.

"உம்மட வாசிப்பைக் கேட்டனான்," என்றார்.

நான் அடக்கமாகத் தலையைக் குனிந்தேன்.

"பெண்ணின்ர பெரியம்மா பேரை ஆரோ பிழையா எழுதித் தந்திருக்கினம். நீர் அப்படியே வாசிச்சீர். நாலு பேர் கையைக் காட்டித் தடுத்தும் நிப்பாட்டேல்ல."

"அது வந்து மிஸ்..."

"அதுதான் எனக்கு வேணும். கண்ணில கிடக்கிறதை அப்படியே வாசிக்கிற வாய். நடுவில மூளை வரக் கூடாது."

வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டிதழ் அது. இன்னும் சட்டம் போட்டு மாட்டவில்லை.

"எனக்குப் பிரெஞ்சு தெரியாதே மிஸ்."

"தெரிஞ்சால் வேண்டாம்."

அவர் படித்துக்கொண்டிருந்தது பழைய பிரெஞ்சுக் கதைகள். இரும்புக் கவசம் போட்ட குதிரை வீரர்கள் காட்டில் வழி தவறி, கண்டவனோடு சண்டை போட்டு, பிறகு யார் என்று விசாரிக்கிற கதைகள். பாட்டாக இல்லை, வசனமாகவே பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். எல்லாம் எழுநூறு, எண்ணூறு வருஷத்துக்கு முந்தியவை. அச்சு கிடையாது. ஒருவன் எழுதினதைப் பார்த்து இன்னொருவன் எழுதுவான், அதைப் பார்த்து வேறொருவன். முதல் ஆள் எழுதின பிரதி எங்கும் இல்லை. மிச்சமிருக்கும் பிரதிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, யார் எதைச் சேர்த்தான், யார் எதை விட்டான் என்று துப்பறிவதுதான் அவர் செய்த வேலை. பிரெஞ்சு தெரிந்தவனை வாசிக்கச் சொன்னால் எழுத்துப் பிழையை அவன் நாக்கே திருத்திவிடுமாம். அவருக்குப் பிழைதான் வேண்டும். திருத்துகிறவன் வேண்டாம். அதற்கு என்னைவிடத் தகுதியானவன் வடசிலாங்கூரில் இல்லை.

அவருக்கு ஒரு கண்ணில் பார்வை அநேகமாகப் போயிருந்தது. தாளில் இருப்பதைப் பூதக்கண்ணாடியால் பார்ப்பார், கணினித் திரையைப் பார்த்தால் தண்ணீராகக் கொட்டும். பிரான்சில் ஏதோ ஒரு சின்ன ஊர் நூலகம் தன்னிடமிருந்த கைப்பிரதியைப் படம் எடுத்து இணையத்தில் போட்டிருந்தது. மற்றப் பிரதிகளைவிடப் பழையது என்றார். நான் திரையில் அந்தப் பிரதியை எழுத்து எழுத்தாக வாசிக்க வேண்டும். அவர் தாளில் இன்னொரு பிரதியை வைத்துக்கொண்டு வித்தியாசங்களைக் குறிப்பார். கூலி பேசவில்லை. பதிலுக்கு என் கடைக் கல்யாணப் பத்திரிகைகளை அச்சுக்கு முன் அவர் பிழை பார்த்துத் தருவதாக ஏற்பாடு.

அந்த எழுத்தைப் பழகவே எனக்கு மூன்று வாரம் ஆனது. செவ்வாய், வியாழன் மத்தியானங்களில் நான் அவர் வீட்டு மேசையில் உட்கார்ந்து "எல், ஏ, இடைவெளி, எம், இ, ஆர், இ, மேலே ஒரு கோடு" என்று ஓதுவேன். சரசு ஒருநாள் வீட்டுக் கண்ணாடிமுன் நான் அதே மெட்டில் முணுமுணுத்ததைக் கேட்டுவிட்டாள்.

"என்னங்க அது? மந்திரமா? அந்தம்மா உங்களை என்னமோ பண்ணுறாங்க. முகமே மாறிப்போச்சு."

"சவரம் பண்ணல, அவ்வளவுதான்."

"உங்களைப் போய் எதுக்குக் கூப்பிடுறாங்க? ஊர்ல படிச்சவங்களே இல்லையா?"

அந்தக் கேள்வி எனக்கும் இருந்தது. பதில் தெரிந்தும் அவளிடம் சொல்லவில்லை. புருஷனுக்கும் கொஞ்சம் மரியாதை வேண்டும்.

அவர் ஒரு பேச்சிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது, "இங்க கதை அவனை விட்டிட்டு இவனிட்டப் போகுது" என்பார். அந்தக் குதிரைக் கதைகளில் அப்படித்தான் தாவுவார்களாம். மீன்காரன் எடை குறைத்ததைச் சொல்லிக்கொண்டிருப்பார். "இங்க கதை மீன்காரனை விட்டிட்டு உம்மட்ட வருது. ஏன் பத்து நிமிஷம் பிந்தினீர்?" என்பார். நான் சொல்லும் காரணத்தைக் கேட்டுவிட்டு, அடுத்த வாரம் அதே கேள்வியைத் திரும்பக் கேட்பார், பதில் மாறுகிறதா என்று பார்க்க. போன மாதம் வாசித்த பக்கத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் திரையில் வைத்து மறுபடி வாசிக்கச் சொல்வார். எந்தப் பக்கத்தையும் ஒரே தடவையில் விட்டதில்லை. "திரும்ப வாசியும்" என்ற அந்த இரண்டு சொல்லை என் மனைவிகூட அத்தனை முறை என்னிடம் சொன்னதில்லை. அவள் சொல்வது "திரும்பச் சொல்லாதீங்க" என்பதைத்தான்.

தோட்டத்துப் பழைய துரை பங்களாவில் பேய் உலாவுகிறது என்று மூன்று பேர் தனித்தனியாக அவரிடம் சொன்னார்கள். அவர் பயப்படவில்லை. மூவரிடமும் பேய் கட்டியிருந்த சேலையைப் பற்றி விசாரித்தார். மூவரும் ஒரே மாதிரி "மஞ்சளில் பச்சைக் கரை" என்றார்கள்.

"ஒரு உண்மையை மூண்டு பேர் பாத்தால் மூண்டு விதமாச் சொல்லுவினம். ஒரே கரையைச் சொன்னால் ஒரே வாயில இருந்து வந்தது," என்றார். ஆள் ஆளாக விசாரித்துக்கொண்டே போய் மணியத்திடம் வந்தார். மணியம் கத்தரிக்கோலால் என்னைக் காட்டினான். ஒரு கல்யாணத்தில் மைக்கில் நான் விட்ட கதைதான் அது. பச்சைக் கரை அன்றைக்கு மணப்பெண்ணின் அத்தை கட்டியிருந்தது.

பத்திரிகை விஷயத்தில் மாட்டினது இன்னும் மோசம். அவசரத்தில் அவரிடம் காட்டாமலே நான் அச்சடித்த இரண்டு கல்யாணப் பத்திரிகைகளை மேசையில் வைத்தார். இரண்டும் வேறு குடும்பம், வேறு மாதம்.

"ரெண்டாவதை நீர் முதலாவதைத் திறந்து வைச்சு, பேர்களை மட்டும் மாத்திச் செய்தனீர்."

"இல்லையே மிஸ்."

"ரெண்டிலயும் 'சுற்றமும்' எண்ட சொல்லில ஒரே எழுத்து விட்டுப்போயிருக்கு. சரியா எழுதுறவை ஆயிரம் பேர் இருக்கலாம், அதில ஒண்டும் தெரியாது. பிழை ஒண்டாயிருந்தால் தகப்பன் ஒண்டு. சரி, பேர்களை மாத்தினீர். மண்டபத்தை மாத்தினீரோ?"

மாற்றவில்லை. அச்சாகிப் போய்ச் சேர்ந்தும் விட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் சொந்தக்காரர்கள் இரண்டு வேன் நிறைய பாகான் நக்கோடா ஓமாருக்குப் போய், யாருடைய கல்யாணம் என்று தெரியாமலே சாப்பிட்டு, மொய்யும் வைத்துவிட்டுத் திரும்பினார்கள். இன்றைக்கும் அந்தக் குடும்பம் என் கடைப் பக்கம் வந்தால் எதிர்வரிசையில் நடக்கிறது.

இப்படி எல்லாவற்றையும் சந்தேகிக்கிற ஒருவருக்கு, நாற்பது வருஷமாக ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் சந்தேகமே இல்லை. அதைத்தான் சொல்ல வேண்டும்.

இளம் வயதில் உதவித்தொகையில் பிரான்ஸ் போய், இதே கதையில் ஆராய்ச்சி செய்தவர் அவர். கதையில் ஒரு வீரன் ஆற்றுத் துறையில் முகம் மூடின இன்னொருவனோடு சண்டை போட்டுக் கொன்றுவிடுகிறான். முகமூடியைக் கழற்றினால், தன்னோடு ஒரே தாய்ப்பால் குடித்து வளர்ந்தவன். உடலைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு அந்தத் தாயிடம் போய் முழந்தாளிடுகிறான். கிடைத்திருக்கும் பிரதிகளில் எல்லாம் "தாய் அவனை மன்னித்தாள்" என்று இருக்கிறது. அந்த வரி முதல் ஆள் எழுதினது இல்லை, பிறகு இளகின மனசுக்காரன் எவனோ சேர்த்தது என்பது இவர் கட்சி.

"பெத்த பிள்ளை குதிரையில கிடக்குது. ஒரு வரியில மன்னிப்பாளோ? அதை எழுதினவன் வேற, மிச்சத்தை எழுதினவன் வேற."

அவருடைய பேராசிரியர் வகுப்பில் எல்லார் முன்னாலும் சிரித்தாராம். உங்கள் தேசத்துப் பெண்களுக்கு மன்னிக்கத் தெரியாது என்பதால் எங்கள் தாய்களுக்கும் தெரியாதா என்று கேட்டாராம். இதை எழுதின அத்தியாயத்தை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டால் பட்டம் என்றார்கள். இவர் எடுக்கவில்லை. பட்டம் இல்லாமல் கப்பலேறி வந்து கிள்ளான் பிள்ளைகளுக்கு இலக்கணம் நடத்தினார். இப்போது இந்தப் பழைய பிரதியில் அந்த வரி இல்லாமல் இருந்தால், நாற்பது வருஷமும் அவர் பக்கம் சாயும்.

"அப்ப நேரா அந்தப் பக்கத்துக்கே போயிடலாமே மிஸ்?"

"ஆசைப்பட்ட இடத்துக்கு முதல்ல போனால் கண் பொய் சொல்லும். முதல் பக்கத்தில இருந்து வாரும்."

ஏழு மாதம் போனது. அவர் என்னைத் தன் விருப்பத்துக்கு வாசிக்க வைக்கப் பார்க்கிறாரோ என்று எனக்குக்கூட நடுவில் சந்தேகம் வந்தது. ஆனால் அவர் எதையும் எதிர்பார்த்த மாதிரி காட்டிக்கொள்ளவே இல்லை. அந்தப் பக்கம் வந்த வியாழக்கிழமையும் அதே முகம்தான். நான் ஓதிக்கொண்டே போனேன். "எம், இ, ஆர், இ" என்று, எனக்குப் பிடிபட்டிருந்த ஒரே சொல்லான தாயை வாசித்தபோது கைப்பேசி அலறியது. சரசு. வரும்போது ஈக்கான் கெம்போங் மீன் வாங்கி வரச் சொன்னாள், கண் சிவந்ததை வாங்க வேண்டாம் என்றும் சொன்னாள். வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

பேனா நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் கை தாள்மேல் அப்படியே இருந்தது.

"வரி இல்லை," என்றார். "முழந்தாளிட்டான். தாய் எழும்பி உள்ள போயிட்டாள். மன்னிக்கேல்ல. பதிலே சொல்லேல்ல."

எழுந்து போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார். சீனி அளவு தெரியாமல் பாகாக இருந்தது. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், முதல் தடவையாக. என் மைக் நகைச்சுவை ஒன்றைத் திரும்பச் சொல்லச் சொல்லி அதற்குச் சிரிக்கவும் செய்தார். கல்யாண வீட்டில் நானே அதற்குச் சிரித்ததில்லை.

மறுநாள் கடையில் ஒரு பத்திரிகையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். 'திருமதி' என்ற சொல் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்த இடத்தில் கண் தாவி, மணப்பெண்ணின் அம்மாவையே விட்டுவிட்டேன். திருத்தப் போன கை பாதியில் நின்றது. நேற்று அவர் "திரும்ப வாசியும்" என்று சொல்லவில்லை.

ஏழு மாதத்தில் அவர் அதைச் சொல்லாத ஒரே பக்கம் அதுதான்.

கடைக் கணினியில் அந்த நூலகப் பக்கத்தைத் திறந்தேன். எம், இ, ஆர், இ. அதற்கடுத்து ஒன்றரை வரி. மறுபடி எம், இ, ஆர், இ. மீன் பேசிவிட்டுத் திரும்பிய கண் இரண்டாவதில் இறங்கியிருக்கிறது. அந்த ஒன்றரை வரி என்னவென்று வாசிக்க எனக்குப் பிரெஞ்சு தேவைப்படவில்லை.

மணியம் எட்டிப் பார்த்தான். "என்னடா மூஞ்சி செத்துப்போச்சு? புதையல் இல்லையா?"

"இருக்குது. இல்லாம இருந்திருக்கணும்."

சொல்லாமல் விட்டுவிடலாம் என்று நான் நினைக்கவில்லை என்றால் நீங்கள் என்னைச் சந்தேகப்படுவீர்கள். நாலு நாள் நினைத்தேன். செவ்வாய்க்கிழமை போனபோது, கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். வாசலிலேயே நின்று சொல்லி முடித்தேன். மீன் உட்பட.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆர் உம்மை அனுப்பினது?"

"யாரும் இல்லை மிஸ்."

"நீரா சேக்கிறீரோ? பாவம் எண்டு நினைச்சு? எல்லாக் காலத்திலயும் ஒரு இளகின மனசுக்காரன் வந்து இந்த வரியைச் சேக்கிறான்."

"எனக்குச் சேர்க்கத் தெரிஞ்சா நீங்க என்னை வேலைக்கு வச்சிருக்க மாட்டீங்களே மிஸ்."

திரையைத் திறந்து, அந்த இடத்தைப் பெரிதாக்கினேன். ஒவ்வொரு எழுத்தும் கொய்யாப்பழம் அளவுக்கு வந்தது. அவர் மூக்கு திரையில் முட்டக் குனிந்து, நல்ல கண்ணால், தண்ணீர் வழிய வழிய வாசித்தார். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். மறுபடி வாசித்தார். வெளியே செம்பனை லோரி ஒன்று பலகைச் சுவர் அதிரப் போனது.

"இது வேற ஆருக்குத் தெரியும்?"

"நம்ம ரெண்டு பேருக்குத்தான்."

சொன்ன பிறகுதான் அந்தப் பதில் எப்படிக் கேட்டது என்று எனக்கு உறைத்தது. மேசையில் பாதிக் கட்டுரை. அந்தப் பிரதியை உலகத்தில் வேறு யாரும் இதுவரை புரட்டிப் பார்க்கவில்லை என்று அவரே சொல்லியிருந்தார். இனி பார்ப்பதற்கு எத்தனை வருஷம் ஆகுமோ. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் என் மெஷினைப் பார்த்ததுபோல.

"வியாழக்கிழமை வாரும்," என்றார்.

வியாழக்கிழமை கட்டுரை மேசையில் இல்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் எழுதின கடிதமும், அதைப் பார்த்து நல்ல தாளில் மையால் எழுதின பிரதியும் இருந்தன. அந்தப் பேராசிரியர் இன்னும் உயிரோடிருக்கிறார், தொண்ணூறைத் தாண்டியவர், முதியோர் இல்லத்தில். அவருக்குத்தான் கடிதம்.

"ரெண்டையும் ஒப்பிட்டுப் பாரும். என்ர கண்ணை நம்பேலாது."

ஒரு கையை நோட்டிலும் ஒரு கையைத் தாளிலும் வைத்து, எழுத்து எழுத்தாக இறங்கினேன். முதல் பத்தி சரி. இரண்டாவது சரி. மூன்றாவதில் நின்றேன். இந்தத் தடவை கைப்பேசியை வீட்டிலேயே விட்டு வந்திருந்தேன். திரும்பப் பார்த்தேன். அப்படியேதான்.

"மிஸ், ஒரு வரி குறையுது."

"எங்க?"

"நோட்டில இருக்குது, நல்ல பிரதியில இல்ல." அந்த வரியை வாசிக்கத் தொடங்கினேன். "வி, ஓ, யூ, எஸ், இடைவெளி..."

"காணும், நிப்பாட்டும்," என்றார். முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். "'நீங்கள் சொன்னதுதான் சரி' எண்டு எழுதியிருந்தனான்."

தெரியாமல் விட்டாரா, தெரிந்தே விட்டுவிட்டு நான் பிடிக்கிறேனா என்று பார்த்தாரா, எனக்கு இன்றுவரை சந்தேகம்தான். அவர் தன் தங்கை மகளோடு சிரம்பானுக்குப் போய் வருஷங்கள் ஆகிவிட்டன, முகவரியும் தந்துவிட்டுப் போகவில்லை, இனிக் கேட்கவும் முடியாது. கேட்டிருந்தாலும், என்னத்துக்குக் கேக்கிறீர் என்றுதான் கேட்டிருப்பார்.

பேனாவை எடுத்தார். இரண்டு வரிக்கு நடுவே, நல்ல கண்ணைத் தாளோடு ஒட்டி, நுணுக்கி நுணுக்கி அந்த வரியை எழுதினார். அதை நான் ஒரு தடவை வாசித்தேன். அவர் சொல்லாமலே இன்னொரு தடவை வாசித்தேன். மடித்து உறையில் போட்டு, என்னிடம் நீட்டினார்.

"நீர் ஒட்டும். இண்டைக்கே தபாலில போடும். இஞ்ச வைச்சிட்டுப் போனால் நான் திறப்பன்."

ஒட்டி, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மோட்டாரைக் கிளப்பினேன். செம்மண் பாதை முடிந்து பெரிய ரோடு சேருகிற இடத்தில் தபால் நிலையத்துக்கு இடது பக்கம், என் வீட்டுக்கு வலது பக்கம். சிக்னல் போட்டுவிட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். அவர் வேலி வரைக்கும் இறங்கி வந்து, நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு, நான் எந்தப் பக்கம் திரும்புகிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றார்.